உள்ளங்கைத் திரைக்கு ஆட்டம் கட்டுகிறவர்களுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

பெரிய திரையில் ஓடும் ஆட்டத்தைக் கைபேசிக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். போன மாதம் உங்களில் ஒருவர், தான் செய்த ஆட்டத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஓடி, தாவி, முள்ளையும் பள்ளத்தையும் தாண்டிப் போகும் பிளாட்ஃபார்மர். கணினியில் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. கைபேசியில் அதே ஆட்டத்தின் நாயகன் கடுகாகச் சிறுத்திருந்தான். இடது கட்டைவிரல் அவன் நிற்கும் இடத்தை மறைத்தது. வலது கட்டைவிரல் அவன் அடுத்து விழப்போகும் பள்ளத்தை மறைத்தது. "எப்படி இருக்கு சார்? கம்ப்யூட்டர்ல இருந்த எல்லாமே இதிலயும் இருக்கு. எதையும் விடல" என்றார். பல இரவு கண் விழித்த களைப்பும் பெருமையும் அந்த முகத்தில் ஒன்றாக இருந்தன. எனக்கு அப்போது வாய் வரவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நீங்கள் படுகிற இந்தப் பாட்டை உங்களுக்கு முன்னால் ஒரு தலைமுறையே பட்டிருக்கிறது. அவர்கள் செய்து வைத்தவற்றை நாம் இன்றும் எடுத்து விளையாடிப் பார்க்கலாம்.

1990களில் எங்கள் தெருவில் 'டிவி கேம்' இருந்தது இரண்டே வீடுகளில். கேசட்டின் அடியில் ஊதிவிட்டுச் செருகினால் மரியோ வருவார். முறை வருவதற்காக வரிசையில் உட்கார்ந்திருப்போம். அந்தச் சமயத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா சாம்பல் நிறத்தில் ஒரு கேம் பாயும், அதற்கு 'சூப்பர் மரியோ லேண்ட்' கேசட்டும் கொண்டுவந்தார். போட்டுப் பார்த்த முதல் நாளே எனக்குக் குழப்பம். ஆமையை மிதித்தேன். டிவி மரியோவில் மிதித்த ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கும், அதை உதைத்து மற்ற எதிரிகளை வரிசையாகச் சாய்க்கலாம். இங்கே ஓடு வெடித்தது, மரியோ போய்விட்டார். பூவை எடுத்தேன். நெருப்புப் பந்து வரும் என்று பார்த்தால், சுவரில் பட்டுத் தெறித்துத் திரை முழுக்கச் சுற்றும் ஒரு குண்டு வந்தது. இளவரசியும் வேறு யாரோ. இது போலி கேசட்டாக இருக்குமோ என்று சித்தப்பாவிடம் கேட்கவும் பயம். ஒரு வாரத்தில் அந்தச் சந்தேகம் மறந்துபோயிற்று, ஆட்டம் கையோடு ஒட்டிக்கொண்டது. அது ஏன் அப்படி இருந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் ஆனது.

அந்தக் கருவியின் அளவுகளை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கேம் பாய் ஜப்பானில் 1989 ஏப்ரல் 21ஆம் தேதி வெளிவந்தது. திரை 160க்கு 144 பிக்சல். வீட்டில் டிவியோடு இணைத்த ஃபேமிலி கம்ப்யூட்டரின் படம் 256க்கு 240. பரப்பாகக் கணக்கிட்டால் கேம் பாயில் இருந்தது அதில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை. நிறம் கிடையாது, பாசி படிந்த பச்சையில் நான்கு சாயல்கள் மட்டும். வேலை செய்ய 8 கிலோபைட் நினைவகம். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, அந்தத் திரவப் படிகத் திரை மெதுவாகத்தான் மாறும். வேகமாக நகரும் எதுவும் தனக்குப் பின்னால் ஒரு நிழலை இழுத்துக்கொண்டு போகும்.

இதெல்லாம் தெரியாமல் நேர்ந்தது அல்ல. நிண்டெண்டோவின் முதல் ஆய்வு, மேம்பாட்டுப் பிரிவைத் தலைமையேற்று நடத்திய குன்பெய் யோகோய் வேண்டுமென்றே செய்த தேர்வு அது. விலை குறைந்து, குணம் குறை எல்லாம் தெரிந்து, எல்லோர் கைக்கும் பழகிப்போன தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் நினைக்காத பக்கம் திருப்பிப் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதனால்தான் நான்கு சின்ன பேட்டரியில் கேம் பாய் பல மணி நேரம் ஓடியது. போட்டிக்கு வந்த சேகாவின் கேம் கியரில் வண்ணமும் இருந்தது, திரைக்குப் பின்னால் விளக்கும் இருந்தது. ஆனால் அது ஆறு பேட்டரிகளை மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் தின்று தீர்த்துவிடும்.

சூப்பர் மரியோ லேண்டை உருவாக்கியதும் அதே பிரிவுதான். யோகோய் தயாரிப்பாளர், சதோரு ஒகாடா இயக்குநர், இசை ஹிரோகஸு தனாகா. மரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ இதில் பங்கெடுக்கவில்லை. கருவியைக் கட்டியவர்களே ஆட்டத்தையும் கட்டினார்கள் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். அந்தத் திரையால் எது முடியும், எது முடியாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மரியோவைப் பொடியனாக வரைந்தார்கள். அதனால் அவருக்கு முன்னால் ஓட இடம் கிடைத்தது, வரப்போகும் பள்ளம் முன்கூட்டியே கண்ணில் பட்டது. கூடுதல் உயிர் தரும் பச்சைக் காளானை நிறமே இல்லாத திரையில் மற்றக் காளானிலிருந்து எப்படிப் பிரித்துக் காட்டுவது? அங்கே ஓர் இதயத்தை வைத்தார்கள். அந்தத் தெறிக்கும் குண்டையும் இப்போது எடுத்து விளையாடினால் அதன் நியாயம் தெரிகிறது. திரை சின்னது என்பதால் அது சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்பி வந்துகொண்டே இருக்கும், எட்டாத இடத்துக் காசுகளையும் பொறுக்கித் தரும். இடம் குறைவு என்பதே அந்தக் குண்டுக்கு வசதியாகிவிட்டது. எகிப்திய மணலும் ஸ்ஃபிங்ஸும், ஈஸ்டர் தீவின் கற்சிலைகளும் உலகங்களாயின. நடுவில் மரியோ நீர்மூழ்கியிலும் விமானத்திலும் ஏறிச் சுடுகிறார். மொத்தம் 12 லெவல்தான். விட்ட இடத்திலிருந்து தொடரச் சேமிப்பு வசதி இல்லை, தேவையும் இல்லை. கை பழகியவர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். அந்த ஆட்டம் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றது. வீட்டு மரியோவில் இருந்த எத்தனையோ விஷயங்கள் அதில் இல்லை. என் வீட்டில் யாரும் அவற்றைத் தேடவில்லை.

இனி இன்னொரு பக்கம். கேம் கியரின் திரையும் கேம் பாய் போலவே 160க்கு 144 பிக்சல். அதன் உள்ளமைப்பு சேகாவின் வீட்டு கன்சோலான மாஸ்டர் சிஸ்டத்துக்கு மிக நெருக்கம். அதனால் வீட்டு ஆட்டத்தை அப்படியே கைக்கருவிக்கு மாற்றுவது எளிது. எளிது என்பதில்தான் ஆபத்து இருந்தது. சேகாவின் வேக நாயகன் சோனிக்கின் முதல் ஆட்டம் 1991இல் வந்தது. அதன் 8 பிட் வடிவத்தை, இசையமைப்பாளர் யூஸோ கோஷிரோ தன் குடும்பத்தாரோடு தொடங்கிய ஏன்ஷியன்ட் நிறுவனம் செய்தது. சேகாவின் பெரிய கன்சோலான மெகா டிரைவில் ஓடிய சோனிக்கை அவர்கள் படியெடுக்கவில்லை. பாதி உலகங்கள் புதியவை. பாலங்கள் ஒன்று, காடு ஒன்று, வானத்தில் ஒரு கோட்டை. சோனிக் சேர்க்க வேண்டிய மரகதங்களையும் தனிச் சிறப்புக் கட்டங்களில் வைக்காமல் லெவல்களுக்குள்ளேயே ஒளித்துவைத்தார்கள். வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, தேடும் சுகத்தைக் கொடுத்தார்கள். சோனிக்கை வேகத்துக்காக மட்டும் நேசிப்பவர்களுக்கு இது குறையாகத் தெரியலாம். எனக்கு அது அந்தத் திரைக்குச் சரியான பேரம்.

அடுத்த ஆண்டு வந்த 8 பிட் சோனிக் 2இல் முதல் உலகத்தின் முதலாளி எதிரியைப் பாருங்கள். சோனிக் ஒரு சரிவில் நிற்கிறார். மேலே ஒரு பக்கத்திலிருந்து குண்டுகள் துள்ளித் துள்ளி வருகின்றன. அவற்றைத் தாண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் காப்பாற்ற ஒரு வளையம்கூடக் கிடையாது, ஒருமுறை பட்டால் உயிர் போயிற்று. மாஸ்டர் சிஸ்டத்தில் 256 பிக்சல் அகலத்தில் குண்டு வருவது தெரியும், கணித்துக் குதிக்கலாம். கேம் கியரில் அகலம் 160 ஆகும்போது, அந்தப் பார்வையைச் சுற்றிலும் கத்தரியால் வெட்டியது போல் ஆகிறது. குண்டு கண்ணில் படும்போது அது கிட்டத்தட்ட உங்கள் தலைமேல் இருக்கிறது. திறமை இல்லாததால் தோற்பது வேறு, பார்க்கவே விடாததால் தோற்பது வேறு. பிளாட்ஃபார்மரில் பார்வை என்பது நேரம். எத்தனை பிக்சல் முன்னால் தெரிகிறதோ அத்தனை நொடிப்பொழுது யோசிக்கக் கிடைக்கும். நம் தம்பியின் ஆட்டத்தில் கட்டைவிரலுக்கு அடியில் ஒளிந்திருந்த பள்ளமும் இதே கணக்கில்தான் சேரும்.

டாங்கி காங் லேண்ட் எனக்கு மனம் வலிக்கும் ஓர் ஆட்டம், ஏனென்றால் அதில் கொட்டிய உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் 1994இல் சூப்பர் நிண்டெண்டோவுக்குச் செய்த டாங்கி காங் கன்ட்ரி உலகத்தையே வாய்பிளக்க வைத்தது. விலை உயர்ந்த சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளில் முப்பரிமாணமாகச் செதுக்கி, அதைத் தட்டைப் படமாக்கி ஆட்டத்துக்குள் வைத்திருந்தார்கள். குரங்கு டாங்கி காங்கின் மயிர்கூடப் பளபளக்கும். அடுத்த ஆண்டே கேம் பாய்க்கு அதன் தம்பியைக் கொண்டுவந்தார்கள், வாழைப்பழ மஞ்சளில் கேசட். அதன் கையேட்டில் ஒரு கதை உண்டு. கிழட்டுக் குரங்கு கிராங்கி காங், உங்கள் ஆட்டம் வென்றது படாடோபப் படத்தாலும் ஒலியாலும்தான், இதையே 8 பிட் கருவியில் செய்து காட்டுங்கள் பார்ப்போம் என்று சவால் விடுகிறார். எவ்வளவு நல்ல கேள்வி! லெவல்களையும் புதிதாகவே கட்டினார்கள், கடைசியில் ஒரு மாநகரம்கூட வருகிறது. கேம் பாயின் ஒரு கிடைவரிசையில் 10 ஸ்பிரைட்டுக்கு, அதாவது நகரும் படத்துண்டுக்கு, மேல் வராது. பெரிய ஆட்டத்தில் பின்னாலேயே ஓடிவரும் தோழனை இங்கே காட்டாமல் விட்டார்கள், அதுவும் சரி.

ஆனால் அந்தப் பளபளப்பை விட அவர்களுக்கு மனம் வரவில்லை. செதுக்கிய குரங்கு, செதுக்கிய இலை, செதுக்கிய பாறை எல்லாவற்றையும் நான்கு சாயலுக்குள் அடைத்தார்கள். வண்ணத் திரையில் குரங்கு பழுப்பு, இலை பச்சை என்று கண் தானே பிரித்துக்கொள்ளும். இங்கே எல்லாம் ஒரே பச்சைப் புள்ளிக் கூட்டம். அதன்மேல் திரையின் நிழல் இழுவை வேறு. ஓடத் தொடங்கினால் எது எதிரி, எது பின்னணி, எது காலுக்கு அடியில் இருக்கும் தரை என்று தெரியாது. நின்று பார்த்தால் அழகு, ஓடினால் புகை. கிராங்கியின் சவாலுக்கு அவர்கள் கொடுத்த பதில், கிராங்கி குறைசொன்ன அதே படாடோபமாகவே போய்விட்டது. 1996இல் வந்த இரண்டாம் பாகத்தில் பின்னணிகளைத் துடைத்து வெளுப்பாக்கினார்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே ஆட்டம் மூச்சு விட்டது.

படத்தின் அளவை மாற்றாமல், பார்வையை வெட்டி, அந்தக் காயத்துக்கு மருந்தும் போட்ட ஆட்டம் ஒன்று உண்டு. 1999இல் கேம் பாய் கலருக்கு வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் டீலக்ஸ். 1985இன் அதே மரியோ, அதே அளவில். திரையில் அடங்காததால் ஓரங்கள் தெரியாது. அதற்காக மேலேயும் கீழேயும் எட்டிப்பார்க்கும் வசதி வைத்தார்கள். மூல ஆட்டத்தில் திரை பின்னால் நகராது, இதில் கொஞ்சம் திரும்பிப் போகலாம். சேமிக்கலாம். ஒவ்வொரு லெவலிலும் சிவப்புக் காசு தேடும் தனி ஆட்டமும், பூதத்தோடு ஓட்டப் பந்தயமும் சேர்த்தார்கள். எட்டிப் பார்த்துவிட்டுக் குதிப்பது அசல் மரியோவின் தாளம் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அந்த இடத்தில் கை வைத்தவர்களின் வேலை அது.

கருவி வலுவாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸின் செயலி, மெகா டிரைவின் செயலியைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமான கடிகாரத்தில் ஓடியது. அதே ஆண்டில் அதற்கென்றே புதிதாகக் கட்டிய சோனிக் அட்வான்ஸ் தண்ணீர்போல வழுக்கிக்கொண்டு ஓடியது. 2006இல், சோனிக்கின் 15ஆம் ஆண்டையொட்டி, 1991இன் முதல் சோனிக்கையே அந்தக் கருவிக்குக் கொண்டுவந்தார்கள். அது தடுக்கித் தடுக்கி ஓடியது. 320க்கு 224இல் தெரிந்த உலகம் 240க்கு 160இல் நெருக்கியடித்தது. கருவிக்கு வலு இல்லாமல் நேர்ந்தது என்று அதைச் சொல்ல முடியாது.

அந்த அட்வான்ஸில் இன்னொரு சங்கதி. அதன் முதல் வடிவத்துக்குத் திரை விளக்கு கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் படம் தெரியும். அதனால் சூப்பர் மரியோ வேர்ல்டை அதற்கு மாற்றியபோது வண்ணங்களை வெளிறடித்தார்கள். இன்றைக்குப் பிரகாசமான திரையில் அதை ஓட்டிப் பார்ப்பவர்கள் சாயம் போன துணி மாதிரி இருக்கிறதே என்கிறார்கள். மங்கிய ரயில் பெட்டியில் ஒரு பிள்ளை அதைக் கையில் சாய்த்துப் பிடித்து விளையாடும் என்று யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்ததன் அடையாளம் அந்த வெளிறல். எனக்கு அதில் ஒரு வாஞ்சை தெரிகிறது.

சின்னக் கருவி பெரிய கருவிக்குத் திருப்பிக் கொடுத்தவையும் உண்டு. இது அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மெட்ராய்டு ஆட்டத்தின் நாயகி சாமஸ் வலுவான வேரியா கவசம் அணிந்தால் உடையின் நிறம் மாறும். 1991இல் கேம் பாய்க்கு மெட்ராய்டு 2 செய்தபோது நிறம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கவசம் போட்டதை எப்படித் தெரியப்படுத்துவது? தோள்களில் இரண்டு பெரிய உருண்டைகளை வரைந்தார்கள். இன்று சாமஸ் என்றதும் கண்முன் வருவது அந்தத் தோள்கள்தான். நிறத்துக்குப் பஞ்சமே இல்லாத கன்சோல்களிலும் அவை அப்படியே இருக்கின்றன. மரியோவின் எதிராளி வாரியோ பிறந்ததும் கேம் பாயில்தான், 1992இன் சூப்பர் மரியோ லேண்ட் 2இல். எனக்கு யாரோ போலத் தெரிந்த அந்த இளவரசி டெய்சியும் கைக்கருவியிலிருந்து வீட்டுக் கருவிக்குப் போனவளே.

எல்லாவற்றுக்கும் மூத்தது உங்கள் கட்டைவிரல் விஷயம். 1982இல் டாங்கி காங்கை, மடித்து மூடும் கேம் அண்ட் வாட்ச் கருவிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நீட்டிக்கொண்டிருக்கும் நெம்புகோலை வைத்தால் கருவி மூடாது. யோகோய் தட்டையான சிலுவை வடிவப் பொத்தானைக் கொண்டுவந்தார். கண்ணால் பார்க்காமலே விரலுக்கு நான்கு திசையும் தெரியும். அடுத்த ஆண்டு ஃபேமிலி கம்ப்யூட்டரின் கைப்பிடியிலும் அதுவே ஏறியது. கைபேசியில் உங்களுக்கு அந்தப் பொத்தான் இல்லை. கண்ணாடியில் வரைந்த பொத்தான் விரலுக்குத் தட்டுப்படாது, ஆகவே கண் அடிக்கடி அங்கே இறங்க வேண்டியிருக்கிறது. ரேமேன் ஆரிஜின்ஸைக் கன்சோலில் விளையாடியவர்களுக்குத் தெரியும், எவ்வளவு நுணுக்கமான கைவேலை அதில் உண்டு என்று. 2012இல் அதைக் கைபேசிக்கு ரேமேன் ஜங்கிள் ரன் என்று கொண்டுவந்தபோது, ஓடுவதை ரேமேன் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். விரலுக்கு எஞ்சியது எப்போது தட்டுவது என்பது மட்டும். தொடக்கத்தில் தாவல் ஒன்றுதான், பறப்பதும் சுவரேறுவதும் குத்துவதும் பிறகு ஒவ்வொன்றாக வரும். திசைப் பொத்தானைத் துறந்ததால் திரை முழுவதும் காலியானது. பாதை தெரிந்தது.

கடைசியாக, இந்த மடலைப் படித்து முடித்ததும் நீங்கள் தேடி விளையாட வேண்டிய ஆட்டம். 1994இல் கேம் பாய்க்கு வந்தது, பெயர் வெறுமே டாங்கி காங். 1981இல் கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டியாக வந்த மூல ஆட்டத்தில் நான்கு கட்டங்கள். 1983இல் அது ஃபேமிலி கம்ப்யூட்டருக்கு வந்தபோது இரண்டாவது கட்டமான 50 மீட்டர் விடுபட்டுப் போயிற்று. டிவியில் ஓடிய வடிவத்தில் இல்லாத அந்தக் கட்டம், பதினோரு வருடம் கழித்துப் பாசிப் பச்சைக் குட்டித் திரையில் திரும்பி வந்தது. நான்கும் இருந்தன. நம் தம்பி சொன்ன மாதிரி, எதையும் விடவில்லை.

ஆனால் அதற்குள்ளிருந்த மரியோ பழையவர் இல்லை. அவர் கையை ஊன்றித் தலைகீழாக நிற்பார், மேலிருந்து விழும் பொருளைக் காலால் தடுப்பார், திரும்பும் வேகத்தில் பின்பக்கமாகக் கரணம் போட்டு உயரத் தாவுவார். அந்த நான்கு கட்டங்களை முடிக்க இவை ஒன்றுமே தேவைப்படாது. நான்காவதில் ஆணிகளை எல்லாம் பிடுங்கியதும் தளம் சரிந்து டாங்கி காங் தலைகுப்புற விழுகிறான். அவன் கடத்திய பவுலின் கிடைத்துவிட்டாள், பழைய ஆட்டம் அங்கே முடியும். இங்கே அவன் எழுந்துகொள்கிறான். பவுலினைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். மரியோ பின்னாலேயே ஓடுகிறார். அதற்குப் பிறகு இன்னும் 97 கட்டங்கள். பெரும்பாலானவற்றில் ஒரு சாவி, பூட்டிய ஒரு கதவு, பேருந்து வருவதற்குள் முடிக்கிற அளவு நேரம். கரணமும் தலைகீழ் நிற்றலும் எதற்கென்று அப்போதுதான் தெரிகிறது.

அந்த ஐந்தாவது கட்டம் திறந்ததும் கருவியைக் கீழே வைத்துவிட்டு உங்கள் ஆட்டத்தை எடுங்கள். உங்கள் கைபேசியில் எது எழுந்து ஓடப்போகிறது என்று எனக்கு எழுதுங்கள். போன மாதம் வந்த தம்பி, நீங்கள் முதலில் அந்தப் பள்ளத்தை எங்கே நகர்த்தினீர்கள் என்று சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் ஆட்டங்களுக்காகக் காத்திருக்கும் ஒருவன்